வீட்டு மனையை அளந்து கல் போட எவ்வளவு ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனை அளப்பது பற்றி விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பது "சென்ட்டுக்கு எவ்வளவு?" என்றுதான். கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. ஐந்து சென்ட் மனையைச் சுற்றி டேப் பிடிக்க ஒரு மணி நேரம் போதும். எந்தக் கல்லிலிருந்து பிடிப்பது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை, காசும் அதற்குத்தான் போகிறது. கீழே உள்ள பதில்கள் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதியவை.

சரி, மொத்தத்தில் ஒரு தொகை சொல்லுங்களேன்?

நிலத்தையும் ஆவணத்தையும் பார்க்காமல் ஒரே தொகை சொல்கிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். செலவு மூன்று வகை. முதலாவது, அரசு சர்வேயர் வந்து அளக்கக் கட்டும் கட்டணம். அது அரசு நிர்ணயித்தது, பேரம் கிடையாது. இரண்டாவது, தனியார் சர்வேயரின் கூலி. இது ஊருக்கு ஊர், கருவிக்குக் கருவி மாறும். மூன்றாவதை யாரும் கணக்கில் வைப்பதில்லை: புதர் வெட்டுவது, கல் வாங்குவது, குழி தோண்ட ஆள், பழைய பத்திர நகல், தகராறு என்றால் வக்கீல். பல மனைகளில் இந்த மூன்றாவதுதான் முதல் இரண்டையும் தாண்டிப் போகிறது.

அரசு சர்வேயரைக் கூப்பிடுவதா, தனியாரைக் கூப்பிடுவதா?

எதற்காக அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

வருவாய்த் துறைப் பதிவேட்டின்படி என் எல்லை எது என்று பக்கத்து நிலத்துக்காரருக்கும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்றால் அரசு நில அளவர்தான் வர வேண்டும். இதற்கு "அத்து காட்டுதல்" என்று பெயர். பேச்சு வழக்கில் எஃப் லைன். விண்ணப்பித்தால் பக்கத்துப் பட்டாதாரர்களுக்கு நோட்டீஸ் போகும், அவர்கள் முன்னிலையில் அளப்பார்கள். அந்த அளவைக்கு உள்ள மதிப்பு தனியார் அளவைக்கு இல்லை.

வேலி போடுவதற்கு முன் ஒரு தடவை சரிபார்க்க, மனை வாங்குவதற்கு முன் பார்க்க, வீட்டு வரைபடம் போட, மேடு பள்ளம் எடுக்க – இதற்கெல்லாம் தனியார் போதும். கூப்பிட்ட வாரமே வருவார், கம்ப்யூட்டரில் வரைபடமும் போட்டுத் தருவார். ஆனால் அவர் நட்ட கல்லைப் பக்கத்து வீட்டுக்காரர் "இது யார் வைத்த கல்?" என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

என் கணக்கில், தகராறுக்கு வாய்ப்புள்ள எல்லை என்றால் தனியாருக்குப் பெரிய தொகை கொடுப்பது வீண். நேராக அரசு அளவைக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

அரசு அளவைக்கு எப்படி விண்ணப்பிப்பது, எவ்வளவு கட்டுவது?

முன்பு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு எழுதி, வங்கியில் செலான் கட்டி, ரசீதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. 2023 இறுதியிலிருந்து தமிழ்நிலம் தளத்தின் குடிமக்கள் பக்கத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். நஞ்சையா புஞ்சையா என்பது போன்ற விவரங்களைப் பொறுத்துத் தொகை மாறும். விண்ணப்பத்தை நிரப்பும்போதே திரையில் காட்டும், அங்கேயே கட்டிவிடலாம். அளந்து முடித்ததும் அறிக்கையையும் வரைபடத்தையும் இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சர்வே எண்ணைத் துண்டாகப் பிரித்து உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் அது வேறு கட்டணம். ஓர் உட்பிரிவுக்கு ஊராட்சிப் பகுதியில் 400 ரூபாய், நகராட்சியில் 500, மாநகராட்சியில் 600.

சர்வேயர் "செலவுக்கு" என்று தனியாகக் கேட்டால்?

கட்டணத்தை அரசுக்குக் கட்டியாகிவிட்டது. ரசீது இல்லாமல் கேட்பது லஞ்சம். ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்தில் புகார் செய்யலாம். குழி தோண்டும் ஆளுக்கும் கல்லுக்கும் நீங்கள் நேரடியாகக் காசு கொடுப்பது வேறு விஷயம், அது நியாயமான செலவு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவதற்கு இடம் கொடுக்காமல், கல்லையும் ஆளையும் நீங்களே முன்கூட்டி ஏற்பாடு செய்துவிடுங்கள்.

பத்து சென்ட் என்றால் ஐந்து சென்ட்டைப் போல இரண்டு மடங்கு ஆகுமா?

ஆகாது. தனியார் சர்வேயர் பரப்பைவிட மூலைகளைத்தான் எண்ணுவார். நான்கு மூலை உள்ள அரை ஏக்கர் நிலம், பதினொரு மூலை உள்ள ஆறு சென்ட்டைவிடச் சீக்கிரம் முடியும். ஓடை ஓரம், ஏரிக்கரை ஓரம், வளைந்த வண்டிப்பாதை ஓரம் உள்ள நிலங்களில் வளைவுக்கு வளைவு ஒரு புள்ளி எடுக்க வேண்டும்.

பெரும்பாலும் கூலியை அரை நாள், முழு நாள் என்றுதான் பேசுவார்கள். உங்கள் மனை மூன்று சென்ட்டாக இருந்தாலும் அவர் கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து போகும் செலவு குறையப்போவதில்லை. சின்ன மனைக்காரர்களுக்குச் சென்ட் கணக்கில் விலை அதிகமாகத் தெரிவது இதனால்தான்.

கல் இருந்தால் ஒரு விலை, கல் இல்லாவிட்டால் ஒரு விலை என்கிறார்கள். ஏன்?

செலவின் முக்கால்வாசிக் கதை இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு புல வரைபடம் உண்டு. எல்லோரும் எஃப்எம்பி என்கிறார்கள். அதில் நிலத்தின் குறுக்கே மூலைக்கு மூலை நீண்ட கோடுகள் போட்டு, மொத்தத்தையும் முக்கோணங்களாகப் பிரித்திருப்பார்கள். இந்தக் கோடுகள் ஜி லைன். நிலத்தின் வெளி விளிம்பு எஃப் லைன். ஜி லைனில் இத்தனை மீட்டர் போய், அங்கிருந்து செங்குத்தாக இத்தனை மீட்டர் திரும்பினால் எல்லையின் இந்த வளைவு வரும் என்று ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதியிருக்கும். உதாரணமாக 42.6 என்று கோட்டின் மேல் ஓர் எண், பக்கவாட்டில் 3.8 என்று இன்னோர் எண். கோட்டின் தொடக்கத்திலிருந்து 42.6 மீட்டர் நடந்து, வலது பக்கம் 3.8 மீட்டர் போனால் அங்கே கல் இருக்க வேண்டும் என்று அர்த்தம்.

எல்லாம் சரி, அந்தக் கோட்டின் தொடக்கம் தரையில் எங்கே இருக்கிறது? அதற்குத்தான் கல். மூன்று புலங்கள் கூடும் இடத்தில் நடப்பட்ட முச்சந்திக் கல் கிடைத்தால் சர்வேயருக்கு உயிர் வந்த மாதிரி. அதிலிருந்து இன்னொரு கல்லுக்கு அளந்து, வரைபடத்தில் உள்ள தூரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். இரண்டு கல் ஒத்துப்போனால் மூன்றாவது கல்லை எங்கே வைப்பது என்று தைரியமாகச் சொல்லலாம்.

இரண்டும் கிடைக்கவில்லை என்று வையுங்கள். புறநகரில் இதுதான் வழக்கம். ரோடு போடும்போது பழைய ரோட்டின் மேலேயே போட்டுப் போட்டு இரண்டடி உயர்ந்திருக்கும், கல் அதற்கு அடியில். இல்லையென்றால் யாரோ வாசற்படிக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அப்போது சர்வேயர் பக்கத்துச் சர்வே எண்ணுக்குப் போவார். அங்கும் இல்லையென்றால் அதற்கடுத்தது. கடைசியில் அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு கோயில் குளத்தின் மூலையிலோ, கிணற்று மேட்டிலோ, வாய்க்கால் தலைப்பிலோ நகராத ஒரு புள்ளி கிடைக்கும். வரைபடத்தில் கிணறு குறிக்கப்பட்டிருந்தால் பெரிய அதிர்ஷ்டம், கிணற்றை யாரும் நகர்த்த முடியாது. அங்கிருந்து புலம் புலமாக அளந்துகொண்டு உங்கள் மனைக்கு வந்து சேர்வார். உங்கள் ஐந்து சென்ட்டுக்காக அவர் இருபது ஏக்கரை அளக்கிறார். இரண்டு நாள் கூலி கேட்டால் கோபப்படாதீர்கள்.

விலை பேசுவதற்கு முன்பே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு கடப்பாரையோடு மனையின் மூலைகளைக் குத்திப் பாருங்கள். ஓரடி, ஒன்றரை அடி ஆழத்தில் கல் தட்டுப்பட்டால் உங்கள் செலவில் பாதி அங்கேயே மிச்சம். தட்டுப்பட்ட கல்லை நிமிர்த்தவோ நேராக்கவோ வேண்டாம், சாய்ந்திருந்தால் சாய்ந்தபடியே விடுங்கள்.

என்னிடம் எஃப்எம்பி நகல் இருக்கிறது. ஸ்கேல் வைத்து நானே அளந்துகொள்ளக் கூடாதா?

ஒரு கணக்கு மட்டும் பாருங்கள். 1:1000 அளவில் வரைந்த வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் ஒரு மீட்டர். கோட்டின் தடிமன் 0.3 மில்லிமீட்டர் என்றால், கோடே ஓரடி அகலம். நீங்கள் சண்டை போடுவது அரை அடிக்கு. இது போதாதென்று, ஜெராக்ஸ் எடுக்கும்போதும் பிரிண்ட் போடும்போதும் தாள் அளவுக்கேற்பப் படம் சுருங்கியிருக்கும். வரைபடத்தில் கோட்டை நம்பக்கூடாது, அதில் எழுதியுள்ள எண்ணை நம்ப வேண்டும்.

பத்திரத்தில் ஓர் அளவு, பட்டாவில் ஓர் அளவு. இது செலவைக் கூட்டுமா?

கண்டிப்பாகக் கூட்டும். ஆனால் முதலில் உண்மையிலேயே வித்தியாசமா, அலகுக் குழப்பமா என்று பாருங்கள்.

பத்திரம் சதுர அடியிலோ சென்ட்டிலோ பேசும், பட்டா ஹெக்டேர்-ஏரில் பேசும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஓர் ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட். சென்னைப் பக்கத்து ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. நாற்பதுக்கு அறுபது மனை 2,400 சதுர அடி என்றால், பட்டாவில் 2.23 ஏர் என்று வர வேண்டும், சென்ட்டில் ஐந்தரை. பழைய பட்டாக்களில் 0.40.5 என்பது போல அரை ஏர் அரை ஏராக முழுமைப்படுத்திய அளவுகளை நிறையப் பார்க்கலாம். அரை ஏர் என்றால் 538 சதுர அடி. ஏக்கர் கணக்கில் நிலம் இருந்த காலத்தில் அது ஒன்றுமில்லை, இன்றைக்கு அதில் ஒரு சின்ன வீடே கட்டலாம்.

அலகு சரிதான், இன்னும் இடிக்கிறது என்றால் பின்னோக்கிப் போக வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும்) திட்டத்தில்தான் ஏக்கர்-சென்ட் கணக்கெல்லாம் ஹெக்டேர்-ஏருக்கு மாறியது. பெயரும் உட்பிரிவும் பரப்பும் மாறிப்போய் இன்றுவரை மனு எழுதிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. இந்த மாதிரி நிலத்துக்கு அளவையைவிட ஆவணத் தேடல்தான் செலவு: மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, யுடிஆருக்கு முந்தைய பதிவேட்டு நகல், பிழைத் திருத்த மனு. இவை முடியாமல் அளந்து கல் போட்டால் அந்தக் கல்லுக்கு ஆயுசு குறைவு.

பத்திரத்தில் நான்கெல்லை தெளிவாக இருக்கிறதே, அது போதாதா?

"கிழக்கே ராமசாமி மனை, மேற்கே பொதுப்பாதை" என்பது எது எதற்கு அருகில் என்று சொல்கிறது. எந்த இடத்தில் முடிகிறது என்று சொல்வதில்லை. ராமசாமி மனையை விற்று மூன்று கை மாறியிருந்தால் அதுவும் இல்லை. நீள அகல அளவோடு எழுதியிருந்தால் சர்வேயருக்குக் கொஞ்சம் உதவும்.

மனைப்பிரிவில் வாங்கிய பிளாட். அங்கேயுமா இவ்வளவு சிக்கல்?

டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு என்றால் வரைபடத்தில் ஒவ்வொரு மனைக்கும் பக்க அளவு இருக்கும். வேலை எளிது, செலவும் குறைவு. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். மனைப்பிரிவு போட்ட அன்றே, முதல் தெருவைப் பிடித்த கோடு ஓரடி தள்ளிப் போயிருந்தால், அந்த வரிசையில் உள்ள இருபது மனையும் ஓரடி தள்ளித்தான் இருக்கும். முதலில் வீடு கட்டியவர் தன் பக்கத்தில் உள்ள கல்லை வைத்துக் கட்டியிருப்பார். கடைசியில் கட்டுகிறவருக்கு 40 அடிக்குப் பதில் 39 அடிதான் மிஞ்சும். அவர் தன் மனையை மட்டும் அளந்தால் விடை கிடைக்காது, தெரு முழுக்க அளக்க வேண்டும். கடைசி மனைக்காரர் தனியாக அந்தச் செலவைத் தாங்குவதைவிட, வரிசையில் உள்ளவர்கள் சேர்ந்து ஒரே நாளில் அளந்து பங்கு போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். சேர்வார்களா என்பது வேறு கதை. முன்னாடி கட்டியவருக்கு இதில் லாபம் ஒன்றும் இல்லையே!

அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் வரைபடம் என்பதே ஏஜென்ட் கொடுத்த ஜெராக்ஸ்தான். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற இத்தகைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. வரன்முறை ஆணை இருந்தால் அதோடு வரும் வரைபடத்தை எடுத்து வையுங்கள், சர்வேயர் அதைத்தான் முதலில் கேட்பார்.

கூட்டுப்பட்டா. என் பங்கை மட்டும் அளந்து கொடுப்பார்களா?

அரசு சர்வேயர் பதிவேட்டில் உள்ள கோட்டைத்தான் காட்ட முடியும். உங்கள் பங்குக்கு அங்கே கோடே இல்லை. முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம், பிறகு உட்பிரிவு, தனிப்பட்டா, அதன் பிறகு அத்து. அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருக்கும்போதே இதை முடித்துவிடுவதைவிட மலிவான வழி எதுவும் இல்லை.

நத்தம் இடத்துக்கும் நகர நிலத்துக்கும் என்ன வித்தியாசம்?

கிராம நத்தத்தில் பழைய அளவையின்படி குடியிருப்பு முழுக்க ஒரே சர்வே எண்ணாக இருந்தது. பின்னர் நத்தம் நிலவரித் திட்டத்தில் வீடு வீடாக அளந்து தனி எண் கொடுத்தார்கள். அங்கே எல்லை என்பது பெரும்பாலும் சுவரும் சந்தும்தான். ஒன்றரை அடி மண் சுவர் யாருடையது, பொதுச்சுவரா, எந்தப் பக்கத்து விளிம்பில் டேப் பிடிப்பது என்ற பேச்சிலேயே காலைப் பொழுது போய்விடும். கூலியும் அப்படித்தான் ஏறுகிறது.

நகரங்களில் வார்டு, பிளாக், டிஎஸ் எண் (நகர சர்வே எண்) என்று வேறு பதிவேடு. உங்கள் பத்திரம் பழைய சர்வே எண்ணைச் சொல்லும். எந்தப் பழைய எண் எந்த டிஎஸ் எண்ணாக மாறியது என்ற விவரத்தை முன்கூட்டியே எடுத்து வைத்தால் ஒரு நடை மிச்சம். நெருக்கமான தெருவில் இன்னொரு தொல்லையும் உண்டு. கருவிக்கு ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை கண்ணில் பட வேண்டும். நடுவில் காம்பவுண்ட் சுவர், ஷெட், தண்ணீர்த் தொட்டி இருந்தால் கருவியை ஐந்தாறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும், சில சமயம் மொட்டை மாடிக்கும் ஏற வேண்டும்.

டிஜிபிஎஸ் (செயற்கைக்கோளை வைத்து இடம் குறிக்கும் கருவி) வைத்து அளந்தால் துல்லியமாக இருக்கும் என்று கூடுதல் பணம் கேட்கிறார்கள். தேவையா?

திறந்த வெளியில் நல்ல டிஜிபிஎஸ் கருவி சில சென்டிமீட்டர் துல்லியம் தரும். பெரிய தோப்பு, பத்து ஏக்கர் நிலம், தூரத்துக் கல்லிலிருந்து புள்ளியைக் கொண்டுவருவது போன்றவற்றுக்கு அது அருமையான கருவி, நாள் கணக்கில் நேரம் மிச்சமாகும். ஆனால் இரண்டு மாடி வீடுகளுக்கு நடுவே, தென்னை மரத்தடியில், வானம் சரியாகத் தெரியாத இடத்தில் அது தடுமாறும். அங்கே டோட்டல் ஸ்டேஷன், அதாவது முக்காலியில் வைத்து ஒளிக்கற்றையால் தூரமும் கோணமும் அளக்கும் கருவிதான் சரி. நான்கு கல்லும் இருக்கிற நாற்பதுக்கு அறுபது மனைக்கு நல்ல இரும்பு டேப்பும் இரண்டு ஆளும் போதும்.

இங்கே ஒரு மயக்கம் இருக்கிறது. கருவி துல்லியமாக அளந்து தருவது, நீங்கள் காட்டிய புள்ளியைத்தான். தவறான கல்லைக் காட்டினால் தவறான எல்லையைச் சென்டிமீட்டர் சுத்தமாக அளந்து தரும். எந்தக் கருவி என்று கேட்பதற்கு முன் "எந்தக் கல்லிலிருந்து ஆரம்பிக்கப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். அதற்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறவருக்கு நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

மொபைல் ஆப்?

வேண்டாம். போன் காட்டும் இடம் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும். பரப்பைத் தோராயமாகத் தெரிந்துகொள்ள ஆகும், எல்லைக்கு ஆகாது.

எந்தக் காலத்தில் அளந்தால் செலவு குறையும்?

மனை வீடுகளுக்கு நடுவில் இருந்தால் எந்த மாதமும் சரி. வயலோரம் என்றால் பயிர் நிற்கும்போது யாரும் உள்ளே இறங்க விடமாட்டார்கள், டெல்டாவில் அறுவடை முடிந்த தை, மாசிதான் தோது. வரப்பும் அப்போதுதான் முழுசாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேதி தள்ளிப்போகும், தனியார் சர்வேயர் வந்து திரும்பிப் போனாலும் வண்டிச் செலவு கேட்பார்.

சும்மா கிடந்த மனையில் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தால் அதை வெட்டாமல் எதுவும் ஆகாது. ஜேசிபி வைத்து ஒரே வீச்சில் சுத்தம் செய்துவிடலாம் என்று தோன்றும். கல்லையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடும், ஜாக்கிரதை. மூலைகளைச் சுற்றி மட்டும் ஆள் வைத்து வெட்டுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் அளக்கவே விடமாட்டேன் என்கிறார்.

தனியார் சர்வேயர் இந்த இடத்தில் பெட்டியைக் கட்டிவிடுவார், அவர்மேல் குற்றமில்லை. அரசு அளவை என்றால் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அளப்பார்கள். நோட்டீஸ் வாங்கியும் வராவிட்டால் அது அவர் பாடு. தடுத்து நின்றால் போலீஸ் பாதுகாப்பு கேட்டு மனு கொடுக்க வேண்டி வரும். அதற்கு நாளும் நடையும் ஆகும்.

அதையும் தாண்டி, "இந்த இடமே என்னுடையது" என்று அவர் சொன்னால் அது சர்வேயர் தீர்க்கிற விஷயம் அல்ல. பதிவேட்டின்படி கோடு எங்கே போகிறது என்று மட்டும்தான் அளவை சொல்லும், யாருக்கு உரிமை என்பது சிவில் நீதிமன்றத்தின் வேலை. அங்கே பொதுவாக ஒரு வழக்கறிஞரை ஆணையராக நியமித்து, சர்வேயர் துணையோடு அளந்து அறிக்கையும் வரைபடமும் தரச் சொல்வார்கள். ஆணையர் கட்டணத்தை மனு போட்டவர்தான் முதலில் கட்ட வேண்டும். வக்கீல் கட்டணம், வாய்தா, அறிக்கைக்கு எதிர்ப்பு, மறுபடி அளவை என்று போகும். எல்லைத் தகராறில் உண்மையான பணம் கரைவது இங்கேதான். தள்ளிப்போடுவதிலும் ஆபத்து உண்டு. ஒருவர் உங்கள் நிலத்தை 12 வருடம் வெளிப்படையாக, உங்கள் உரிமைக்கு எதிராக அனுபவித்துவிட்டால் எதிரிடை அனுபவம் என்று வாதம் கிளம்பும்.

கூப்பிட்டு உட்கார வைத்து, "இரண்டு பேருமே காசு போட்டு அளப்போம், கல் எங்கே விழுகிறதோ ஒத்துக்கொள்வோம்" என்று கேட்டுப் பாருங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில் இருந்தால் பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள்.

வங்கிக் கடனுக்காக மதிப்பீட்டாளர் வந்து அளந்துவிட்டுப் போனாரே?

அவர் பார்த்தது சொத்தின் மதிப்பை. சுவருக்குச் சுவர் டேப் பிடித்திருப்பார். சுவர் எல்லையில்தான் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை அல்ல.

வீடு கட்ட அனுமதி வாங்கும்போது இதெல்லாம் பார்க்க மாட்டார்களா?

2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அனுமதி எளிதாகிவிட்டது, பொறுப்பு உங்கள் தலையில் வந்துவிட்டது. பக்கத்தில் விட வேண்டிய காலியிடம் எல்லையிலிருந்துதான் கணக்கு. எல்லையே அரை அடி தப்பு என்றால் கட்டிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அஸ்திவாரம் தோண்டும் முன் அளந்துவிடுங்கள்.

மனை வாங்கும் முன் அளக்கும் செலவை யார் ஏற்பது?

பேசி வைத்துக்கொள்வதுதான். விற்கிறவர் அளந்து கல் காட்டித் தர வேண்டும் என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். அவர் முடியாது என்றால் நீங்களே செலவழித்து அளப்பதில் தப்பில்லை. கணக்குப் போடுங்கள்: 60 அடி நீளத்தில் அரை அடி குறைந்தால் 30 சதுர அடி. சதுர அடி 3,000 ரூபாய் என்றால் 90,000 ரூபாய். எந்தச் சர்வேயரும் ஒரு வீட்டு மனைக்கு இவ்வளவு கேட்கப்போவதில்லை.

கூலி பேசும்போது எதையெல்லாம் தெளிவாகக் கேட்க வேண்டும்?

சொன்ன தொகை ஒரு நாளுக்கா, வேலை முடியும் வரைக்குமா என்பதுதான் முதல் கேள்வி. கல் கிடைக்காமல் பக்கத்துப் புலங்களையும் அளக்க வேண்டி வந்தால் கூடுதல் எவ்வளவு என்று அப்போதே கேட்டுவிடுங்கள், பின்னால் வரும் மனஸ்தாபம் எல்லாம் இதில்தான். கல், ஆள், சிமென்ட் யார் பொறுப்பு? வரைபடம் தாளில் மட்டுமா, கம்ப்யூட்டர் கோப்பும் தருவாரா? பக்க அளவுகளோடு, எந்தக் கல்லிலிருந்து தொடங்கினார் என்பதையும் வரைபடத்தில் எழுதித் தருவாரா? இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் எழுதுவதில்லை. அது இல்லாத வரைபடத்தை அடுத்து வரும் சர்வேயர் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார், நீங்கள் மறுபடி முதலிலிருந்து காசு கொடுக்க வேண்டும்.

சர்வேயர் வருவதற்கு முன் நான் என்ன எடுத்து வைக்க வேண்டும்?

பட்டா, எஃப்எம்பி, அ பதிவேடு (கிராமத்து நிலங்களின் பரப்பு, உரிமையாளர் விவரம் உள்ள பதிவேடு) மூன்றையும் அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். உங்கள் சர்வே எண்ணுக்கு மட்டுமல்ல, சுற்றியுள்ள நான்கைந்து எண்களின் எஃப்எம்பியையும் எடுத்து வையுங்கள். பொது எல்லையில் இரண்டு வரைபடமும் ஒரே அளவைச் சொல்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். அதோடு பத்திரம், மூலப்பத்திரம், மனைப்பிரிவு வரைபடம். பழைய கல் எங்கே இருந்தது என்று தெரிந்த ஒரு பெரியவர் தெருவில் இருந்தால் அன்றைக்கு அவரையும் கூட்டி வாருங்கள். ஆவணத்தில் இல்லாத தகவல் அவரிடம் இருக்கும்.

அளந்து கல் நட்டாகிவிட்டது. இனி?

கல்லைச் சுற்றிச் சிமென்ட் கலவை போட்டு இறுக்குங்கள். ஒவ்வொரு கல்லையும், பின்னணியில் வீடோ கம்பமோ தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். வீட்டின் மூலையிலிருந்து, மின்கம்பத்திலிருந்து, கிணற்றிலிருந்து கல் எத்தனை அடி என்று டேப் பிடித்து வரைபடத்தின் பின்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள். கல் போனாலும் இடம் போகாது. அரசு நட்ட அளவைக் கல்லைப் பிடுங்குவது 1923-ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி தண்டனைக்குரியது. அப்புறம், காம்பவுண்ட் சுவர் எழுப்பும்போது மேஸ்திரி "கல் குறுக்கே நிற்கிறது, எடுத்துவிடட்டுமா?" என்று கேட்பார். சுவரைக் கல்லுக்கு உள்பக்கமாகத் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள்.